எடை நிற்கும்வரை

பன்னிரண்டு புள்ளி நான்கு ஒன்று எட்டு ஏழு. ஜெனிட்டா நோட்டில் எழுதினாள். பக்கத்திலேயே நேரம்: ஒன்பது நாற்பது. தராசின் கண்ணாடிக் கதவைத் திறந்து, சுண்டுவிரல் உயரக் குப்பியை இடுக்கியால் எடுத்து, மறுபடி சூட்டுக் கட்டையின் குழியில் நிறுத்தி, மேலிருந்து காற்று ஊதும் ஊசியைச் சரியாக அதன் வாய்க்கு நேரே இறக்கினாள். குப்பியின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் கொஞ்சம் எண்ணெய். உலகத்தின் கடைசியில், பனிக்கட்டிக்கு அடியில் இருக்கிற கடலில் பிடித்த அரிசி நீளப் பூச்சிகளின் எண்ணெய். பூச்சி என்று சொன்னால் ஆராய்ச்சிக்கூடத்து மிருதுளா மேடம் கோபித்துக்கொள்வார். கோப்பிபாட் என்று சொல்ல வேண்டும். பெரிதாக, கால் கையெல்லாம் தெரிகிற மாதிரி இருந்தால் கிரில். ஜெனிட்டாவுக்கு எல்லாமே சென்னாக்கூனிதான், பொடி இறால். காசிமேட்டில் அவள் அம்மா கூடை கூடையாகக் காயவைத்து விற்கிற அதே சென்னாக்கூனி, இது வெளிநாட்டுக் குளிரில் பிறந்தது, அவ்வளவுதான். இரண்டு நிமிடத்துக்கு முன்புதான் மேடம் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லிவிட்டுப் போனார். "காஞ்சிருச்சுன்னு நெனச்சிராத சாமி. பார்க்க வெறும் எண்ணெயாட்டத்தான் இருக்கும். எண்ணெயைக் கரைச்செடுக்க ஊத்துன குளோரோஃபார்ம் உள்ளே உக்காந்திருக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா எடை போடு. எடை எறங்கிட்டே இருந்தா இன்னும் போகலேன்னு அர்த்தம். ரெண்டு தடவை ஒரே எடை வந்தாத்தான் அது எண்ணெய்." சொல்லிவிட்டுக் குப்பி கழுவும் தொட்டிப் பக்கம் போய்விட்டார். ஜெனிட்டா "சரிங்க மேடம்" என்றாள்.   

நேற்று சாயங்காலம் அவள் அக்காவின் குழந்தை இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன குப்பியை எடை போடவில்லை. முப்பத்தொன்றாம் நம்பர். எடை பார்த்து முடித்த எண்ணெயை மறுபடி ஏதோ தண்ணி மாதிரி ஒன்றில் கரைத்துக் குளிர்பெட்டியில் வைப்பார்கள், கெடாமல் இருக்க. அந்தத் தண்ணி மாதிரி ஒன்று என்னவென்று மூன்று மாதமாக அவள் கேட்டதே இல்லை. மூன்று மாதமாகக் குப்பி கழுவினாள், லேபிள் ஒட்டினாள், உறைந்த கட்டியிலிருந்து ஊசி முனையால் ஒவ்வொரு பூச்சியாகப் பிரித்து வைத்தாள், அதில் அவளை அடிக்க ஆளில்லை என்று மேடமே சொல்வார். எடை போடுகிற வேலை இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. ஒரு நாள் முந்தி வந்திருந்தால். நேற்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது முப்பத்தொன்றைத் திறந்து ஜன்னல் வெயிலில் வைத்தாள், சென்னாக்கூனி காயவைக்கிற மாதிரி. ஒரு மணி நேரத்தில் தண்ணியெல்லாம் போய் எண்ணெய் மட்டும் நின்றது. மோந்து பார்த்தாள். கருவாட்டு வாசனைக்குள் ஒரு இனிப்பு இருந்தது. குளிர்க்கடல் சரக்கு இனிக்கும்போல என்று நினைத்தாள். என்ன புத்தி. பதினொன்றாம் வகுப்பில் கெமிஸ்ட்ரியில் பதினோரு மார்க் வாங்கி, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று பள்ளிக்கூடத்துக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவளுக்கு வேறென்ன புத்தி இருக்கும். குளோரோஃபார்மின் வாய்பாடு எழுதுக என்று ஒரு கேள்வி வந்தது. அவள் அதை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். அதையும் விட்டாள். போனை எடுத்து அக்காவுக்கு அடித்தாள். ரிங் போனது. போகும். குழந்தைகள் வார்டுக்குள் போன் கூடாது, வெளியே சின்ன அலமாரியில் பூட்டி வைத்துவிட்டுத்தான் அக்கா உள்ளே போவாள். அந்த அலமாரிக்குள் இருட்டில் போன் அடித்து அடித்து ஓய்ந்திருக்கும்.

ஒன்பது ஐம்பது. பன்னிரண்டு புள்ளி நான்கு ஒன்று ஏழு ஒன்று. இறங்கிவிட்டது. ஜெனிட்டா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள், மூச்சு விட்டால் ஆடுமென்று மூச்சு விடாமல். பத்து நிமிடமாகக் காற்று ஊதியும் இறங்குகிறது. வெயிலில் வைத்தது ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் என்பது எத்தனை பத்து நிமிடம், ஆறு, ஆனால் இங்கே ஊதுகாற்றும் சூடும் இருக்கிறது, அங்கே ஜன்னலில் என்ன இருந்தது, ஒரு காக்கா இருந்தது. பத்து மணிக்குப் பாப்பாவுக்குப் பால். எட்டு, பத்து, பன்னிரண்டு என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மூக்கில் விட்ட டியூப் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும். இருபத்தொன்பதாவது வாரத்தில் பிறந்த பாப்பா. பிறந்தபோது ஆயிரத்து நூற்று நாற்பது கிராம். இன்றைக்குப் பதினேழாம் நாள். ஏற வேண்டிய எடை ஏறவில்லை, நேற்று ஆயிரத்து அறுபது. ஆயிரத்துக்குக் கீழே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதாக அக்கா சொன்னாள், சொல்லும்போது சிரித்தாள், அக்காவுக்கு அழுகை வந்தால் சிரிப்பாகத்தான் வரும். மேடம் ஒரு தடவை கோப்பிபாட் ஒன்றை உருப்பெருக்கியில் காட்டினார். கண்ணாடி மாதிரி உடம்பு, உள்ளே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நீளமாக ஒரு எண்ணெய்ப் பை. உடம்பின் காய்ந்த எடையில் பாதிக்கு மேல் அந்த எண்ணெய்தான் என்றார். கோடையில் தின்று தின்று அதை நிரப்பிக்கொண்டு, குளிர் வந்ததும் ஆயிரம் மீட்டர் ஆழத்துக்குப் போய் அசையாமல் கிடக்கும், மாசக்கணக்கில் வாயே திறக்காது, பையிலிருக்கிறதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு உயிரோடு கிடக்கும். ஜெனிட்டா அதைப் பார்த்துக்கொண்டே பாப்பாவை நினைத்தாள். பாப்பாவும் கண்ணாடிதான். தோலுக்குள் நரம்பு தெரிந்தது, விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது, மூச்சு போகிற வழி தெரிந்தது. பை மட்டும் இல்லை. கடைசி இரண்டு மாசத்தில்தான் வயிற்றுக்குள் பிள்ளைக்குக் கொழுப்பு சேருமாம். அந்த இரண்டு மாசத்தைப் பாப்பா விட்டுவிட்டு வந்துவிட்டது, கேள்வியை விட்டுவிட்டு வருகிற மாதிரி.

அதனால்தான் எடுத்தாள். வேறெதற்கும் இல்லை. அது பொய் இல்லை என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள், சொல்லிக்கொண்டது கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது, மேடம் தொட்டியிலிருந்து திரும்பி "என்ன சாமி?" என்றார். "ஒண்ணுமில்லீங்க மேடம்." "எறங்குதா?" "எறங்குது." "எறங்கட்டும், எறங்கட்டும். உங்கக்கா கொழந்தை எப்படியிருக்குது?" "இன்னிக்கு இன்னும் எடை பாக்கல மேடம்." "பாத்ததும் சொல்லு." இதுதான் நேரம். இப்போதே சொல்லிவிடலாம். மேடத்தின் சித்தி மகள் அதே ஆஸ்பத்திரியில் டாக்டர். மேடம் ஒரு போன் போட்டால் போதும், இரண்டு நிமிடத்தில் அந்த வார்டுக்குள் ஒருத்தர் ஓடுவார். ஒரே ஒரு வாக்கியம். மேடம், முப்பத்தொன்றாம் நம்பரை நான்தான் எடுத்தேன். நேற்று சாயங்காலம் மேடம் மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடினார், செல்போன் விளக்கை அடித்துக்கொண்டு. கப்பலில் போய் நாற்பது நாள் வாந்தி எடுத்து எடுத்துப் பிடித்துவந்த சரக்கு. "எங்கயாச்சும் உருண்டு போயிருக்கும்" என்று கடைசியில் அவரே சொல்லி அவரே விட்டுவிட்டார், அப்போது ஜெனிட்டாவும் பக்கத்தில் குனிந்து தேடினாள், பையில் குப்பியை வைத்துக்கொண்டே தேடினாள்.  வேலை போகும் என்கிற பயம் இல்லை, வேலை போனால் அம்மா கூடையில் ஒரு கூடை தூக்கலாம். சேர்ந்து தேடினாளே, அதை எப்படிச் சொல்வது. மேடம் மறுபடி குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் நேரம் போய்விட்டது. ஜெனிட்டா போனை எடுத்து அடித்தாள். ரிங். ரிங். நிற்கிறது.

பத்து மணி. பன்னிரண்டு புள்ளி நான்கு ஒன்று ஆறு ஆறு. இப்போது நர்ஸ் டியூபைத் தூக்கிப் பிடித்திருப்பார். அக்கா பக்கத்தில் நின்றிருப்பாள், இடுப்பிலே அந்தக் குப்பியைச் செருகிக்கொண்டு, சமயம் பார்த்துக்கொண்டு. அக்காவுக்குச் சமயம் பார்க்கத் தெரியும், ஏலத்தில் மீன் கை மாறுகிற நேரத்தில் இரண்டு மீன் தன் கூடைக்குத் தள்ளுகிறவள். நேற்று சாயங்காலம் பார்க்க விடும் நேரத்தில் படிக்கட்டு ஓரமாக நின்று கொடுத்தாள். அக்கா மூடியைத் திறந்து முகத்தைச் சுளித்தாள். "இன்னாடி இது, சென்னாக்கூனி நாத்தம் அடிக்குது." "நாத்தம் அடிச்சாத்தான் சரக்கு நல்ல சரக்கு. பெரிய கடையில மாத்திரையா விக்கிறான், ஒரு டப்பா என்னா வெலை தெரியுமா. மூளைக்கு நல்லது. ஒடம்பு புடிக்கும். பாலுல ஒரு சொட்டு வுட்டுடு." "நர்சம்மாவ கேட்டுகினு வுடறேன்." "கேக்காத. கேட்டா வேணாம்னுவாங்க." கேட்காதே. கேட்டால் வேண்டாமென்பார்கள். இந்த இரண்டு வார்த்தையும் சுற்றிச் சுற்றி வந்தன. எண்ணெய் கொடுத்தது தப்பு, அது தெரியாமல் செய்தது. கேட்காதே என்றது தெரிந்தே சொன்னது. ஏன் சொன்னாள்? எடுத்துக்கொண்டு வந்த பொருள், நர்ஸ் கேட்டால் எங்கிருந்து என்று கேட்பார், அதற்காகத்தானே? பாப்பாவுக்காக இல்லையே? தன் தோலுக்காகத்தானே? ஆமாம் என்று வந்தது பதில், யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பட்டினி போட்டால் கிரில் சின்னதாகிவிடும் என்று மேடம் சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவை சட்டை உரிக்கும்போதும் முந்தின அளவைவிடச் சின்னச் சட்டையாகப் போட்டுக்கொள்ளும், தன் சதையையே தின்றுகொண்டு. ஆனால் கண் மட்டும் சுருங்காதாம். உடம்புக்குக் கண் பெரிசாக இருந்தால் இது குட்டி இல்லை, பட்டினி கிடந்தது என்று கண்டுபிடித்துவிடலாமாம். பாப்பாவுக்கும் கண்தான் பெரிசு. போன ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தபோது ஒரு நொடி திறந்து பார்த்தது, யாரையும் பார்க்கவில்லை, சும்மா பார்த்தது. அந்தக் கண்ணுக்குப் பின்னாலிருக்கிற மூளைக்குத்தான் ஒரு சொட்டு. குளோரோஃபார்ம் என்றால் மயக்க மருந்து. சினிமாவில் கைக்குட்டையில் வைத்து மூக்கில் அமுக்குவார்கள், ஆறடி ஆள் தொப்பென்று விழுவான். ஆயிரத்து அறுபது கிராம் எப்படி விழும். ஏற்கெனவே படுத்துத்தானே இருக்கிறது. யாருக்குத் தெரியும், தூங்குகிறது என்று நினைப்பார்கள்.

அவள் எழுந்தாள். உட்கார்ந்தாள். பஸ் பிடித்தால் ஒரு மணி நேரம், ஆட்டோ பிடித்தாலும் முக்கால் மணி, அதற்குள் அக்காவே போன் எடுத்துவிடுவாள், பால் முடிந்ததும் பத்தே காலுக்கு வெளியே வந்து பன் தின்று டீ குடிப்பாள். அதனால் போவதில் அர்த்தம் இல்லை. மேடத்திடம் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. இருக்கிறது என்று தெரிந்தே உட்கார்ந்திருக்கிறாள். இதை ஒருத்தரும் செய்யச் சொல்லவில்லை, ஒருத்தரும் பிடித்து வைக்கவில்லை, காலில் சங்கிலி இல்லை. ஒருவேளை எல்லாம் காய்ந்திருக்கும், நேற்று நல்ல வெயில். ஒருவேளை அக்கா மறந்திருப்பாள். ஒருவேளை குப்பி கீழே விழுந்து உடைந்திருக்கும், அந்தோணியாரே, உடைந்திருந்தால் செவ்வாய்க்கிழமைதோறும் வருகிறேன், மெழுகுவர்த்தி இல்லை, நடந்தே வருகிறேன். ஆறு தடவை அடித்தாகிவிட்டது. அம்மா நேற்றுக் காலையிலும் சுறாப்புட்டு செய்து தூக்குவாளியில் கொடுத்துவிட்டாள். பால்சுறா தின்றால் கல்லுக்கும் பால் சுரக்கும் என்பாள் அம்மா. அக்காவுக்குச் சுரக்கவில்லை. மூன்று மில்லி, நாலு மில்லி. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிழிந்தால் நாலு மில்லி. மீதிக்குப் பால் வங்கியிலிருந்து யாரோ ஒருத்தியின் பால். அது நல்ல பால்தான், சூடு பண்ணிச் சுத்தம் பண்ணியதுதான். அக்காவுக்குத்தான் ஆகாது. "எவளோ பெத்தவ ஒடம்பு தேயுது, நான் சுறா துன்னுகினு கொழுத்துகினு கீறேன்" என்பாள். பத்து மணி பத்து நிமிடம். பன்னிரண்டு புள்ளி நான்கு ஒன்று ஆறு நான்கு. கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. இன்னும் இருக்கிறது. கொஞ்சம் என்றால் இருக்கிறது என்றுதான் அர்த்தம். எழுதும்போது நான்கு, ஏழு மாதிரி விழுந்தது, அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். சில வகைக் கோப்பிபாட் ஆழத்திலேயே கிடந்து, ஒரு வாய்கூடத் தின்னாமல், பையிலிருக்கிற எண்ணெயை அப்படியே முட்டையாக்கி மேலே அனுப்பிவிடுமாம், முட்டை எண்ணெயாலேயே மிதந்து மேலே போகுமாம். பிறகு தாய்? என்று அன்றைக்கு ஜெனிட்டா கேட்டாள். "பிறகென்ன, காலிப் பை" என்றார் மேடம், வேறெதையோ எழுதிக்கொண்டே.

பத்து இருபத்தொன்றுக்கு அவள் குப்பியைத் தராசில் வைத்துக் கதவை மூடினபோது போன் அடித்தது. கையுறையோடு எடுத்தாள், வழுக்கியது, பிடித்தாள். "இன்னாடி, ஆறு மிஸ்டு கால். வூடு பத்திகிச்சா?" அக்கா குரலில் சிரிப்பு இருந்தது. எந்தச் சிரிப்பு என்று தெரியவில்லை. "எண்ணெய ஊத்துனியா?" என்றாள் ஜெனிட்டா. "எத்த?" "நேத்து குடுத்தேன்ல. பாப்பாக்கு ஊத்துனியா, இல்லியா, அத்த மட்டும் சொல்லு." "அய்ய, அதுக்கு எங்கடி ஊத்தறது. நர்சம்மா கண்ணுல வெளக்கெண்ண வுட்டுகினு நிக்குது, டியூப்பாண்டயே போவ வுடல."  ஜெனிட்டா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மூக்கில் தண்ணீர் வந்தது, துடைக்கக் கையில்லை, ஒரு கையில் போன், ஒரு கையில் மேசை. "தூக்கிப் போட்டுடு" என்றாள். "அந்தக் குப்பிய தூக்கி குப்பையில போட்டுடு." "குப்பிய போட்டாச்சி. நானே குடிச்சிட்டேன் அத்த." ஜெனிட்டா போனைக் காதோடு அழுத்தினாள். "காத்தால அஞ்சு மணிக்கு ஒரே கல்ப்பா. சுறாப்புட்டு துன்னா பாலு வருதுன்றாங்க, இதுவும் கடல் சரக்குதான, நான் துன்னா அதுக்குப் போய் சேரும்னு பாத்தேன். தொண்டையெல்லாம் எரிஞ்சிச்சிடி, கூடவே இனிக்குது வேற. தல கொஞ்சம் சுத்துனாப்ல கீது, தூங்கலல்ல. ஆனா கேளு. எட்டு மணிக்கு நாலு மில்லி. இப்ப எவ்ளோ தெரியுமா? பன்னெண்டு. பன்னெண்டு மில்லிடி. நர்சம்மாவே கையத் தட்டிச்சி. பதினேழு நாள்ல மொத தபா வெளிப்பால் வேணாம் இன்னிக்கி. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துட்டதால இன்னும் ஏத்தல, கிண்ணத்துல பேரெழுதி வெச்சிகீது, ஏத்தறதுக்குள்ள உன்னாண்ட சொல்லிட்டு போலாம்னுதான் ஓடியாந்தேன்."

தொட்டியில் குழாய் நின்றது. மேடம் கையைத் துடைத்துக்கொண்டு திரும்புகிற அசைவு கண்ணின் ஓரத்தில் தெரிந்தது. இனி எத்தனை மெதுவாகப் பேசினாலும் கேட்கும். பன்னிரண்டு மில்லி. அது அக்காவின் உடம்பிலிருந்துதான் வந்தது, எண்ணெயால் வந்ததா, பதினேழு நாள் பிழிந்ததால் வந்ததா, யாருக்குத் தெரியும். அந்தப் பாலில் குளோரோஃபார்ம் இருக்கிறதா இல்லையா, அதுவும் யாருக்குத் தெரியும். சொல்லாமல் விட்டால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். இதுவரை நாற்பது நிமிடம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். "அத்தக் கீழ ஊத்திடு" என்றாள். "எத்த?" "பால." அக்கா சிரித்தாள். "காத்தாலயே கிண்டலா." "கிண்டல் இல்ல. ஏத்த வேணாம். அது வெறும் எண்ணெய் இல்லக்கா. அத்த எடுக்கறதுக்கு ஒரு மருந்து ஊத்துவாங்க. அது முழுசா போவறதுக்குள்ள நான் எடுத்தாந்துட்டேன். நான்தான் திருடியாந்தேன். முப்பத்தொண்ணாம் நம்பரு." கடைசி வாக்கியம் அக்காவுக்காகச் சொன்னதில்லை. பின்னால் மேடத்தின் செருப்புச் சத்தம் ஓரடி வந்து நின்றது. போனுக்குள் ஆஸ்பத்திரி வராந்தா இரைந்தது, ஒரு தள்ளுவண்டி போனது, யாரோ ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "எட்டு மணிக்கு நாலு மில்லி போச்சேடி" என்றாள் அக்கா. சிரிப்பெல்லாம் இல்லை.  "நான் போய் சொல்ல மாட்டேன். அந்தப் பாலக் கீழ ஊத்துன்னு என் வாயால சொல்ல மாட்டேன். நீயே சொல்லு." காலடிச் சத்தம், ஓட்டம் இல்லை, நடை, கதவு தள்ளுகிற சத்தம், போன் உள்ளே வரக்கூடாதும்மா என்று ஒரு அதட்டல், பிறகு போன் கை மாறுகிற உரசல்.

"ஹலோ, யாரும்மா? சீக்கிரம் சொல்லுங்க." நர்ஸ். ஜெனிட்டா நிமிர்ந்து நின்றாள். தராசுக் கண்ணாடிக்குள் எண் நின்றிருந்தது. பன்னிரண்டு புள்ளி நான்கு ஒன்று ஆறு நான்கு. இரண்டாவது தடவையும் அதேதான். அதை அவள் எழுதவில்லை. "சிஸ்டர், எமில்டாவோட தங்கச்சி பேசறேன். எங்கக்கா காத்தால குடிச்ச எண்ணெயில குளோரோஃபார்ம் இருந்துச்சி. நான்தான் குடுத்தேன். உங்களக் கேக்க வேணாம்னு நான்தான் சொன்னேன். எட்டு மணிக்குப் பாப்பாக்கு நாலு மில்லி போயிருக்கு. அக்காவையும் பாருங்க, தல சுத்துதுன்னுது." அந்தப் பக்கம் மூச்சு இழுபட்டது, போனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ "டாக்டரக் கூப்பிடுங்க" என்று சொல்வது கேட்டது, பிறகு நர்ஸ் மறுபடி நேராகப் பேசினார், நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக. "எவ்வளவு இருந்துச்சும்மா? குளோரோஃபார்ம் எவ்வளவு இருந்துச்சு?"

மேடம் பக்கத்தில் வந்து நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடை போடல, சிஸ்டர்" என்றாள் ஜெனிட்டா.